வால்வு களவெடுக்காதவன்

பழைய வால்வு அம்பிளிபயரைத் திருத்துறது பெரிய வேலையில்லை; அதைக் கொண்டுவாற மனுசரின்ரை ஐமிச்சத்தைத் திருத்தத்தான் ஏலாது. எண்பத்தாறு, எண்பத்தேழிலை சண்டையாலை கொழும்பிலையிருந்து சாமான் வாறது தடைப்பட்டுப் போச்சு. கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கிற அந்த வால்வு ஒண்டு போனால் வேறை எடுக்கேலாது. அதாலை திருத்துறவங்கள் நல்ல வால்வைக் கழட்டி எடுத்துப்போட்டு, செத்ததைப் பூட்டி அனுப்புறாங்கள் எண்டு ஊரிலை ஒரு கதை. நான் அப்ப தொண்டைமானாற்றிலை கடை வைச்சிருந்தன். என்னைப்போலை கைச்சுத்தமாய் வேலை செய்து கள்ளன் பட்டம் வாங்கின ஆக்கள் இதை வாசிச்சு ஆறுதல்படுங்கோ.

தட்டிப் பார்த்தது

வல்வெட்டித்துறையிலையிருந்து, வள்ளம் வைச்சிருக்கிற ஒரு பெரியவர் வந்தார். பாட்டுப் போட்டால் இடையிலை 'கிணிங் கிணிங்' எண்டு கேக்குதாம். கதிரையை இழுத்து என்ரை முழங்காலோடை முட்டப் போட்டுக்கொண்டு இருந்திட்டார். தேத்தண்ணி குடுத்தால் ஒரு கண் கோப்பையிலை, மற்றக் கண் என்ரை கையிலை. எந்த வால்வு சத்தம் போடுது எண்டு அறிய, பென்சிலாலை ஒவ்வொண்டாய் மெல்லத் தட்டிப் பாக்கிறது வழக்கம். நாலாவதைத் தட்டேக்கை என்ரை கையைப் பிடிச்சார்.

"தம்பி, எது நல்லது எண்டு பாக்கத்தானே தட்டுறாய்? நல்லதைக் கண்டால் பிறகு என்ன செய்வாய்?"

பேர் இல்லாத பெட்டி

அளவெட்டியிலையிருந்து ஒருத்தர், பேர்த்தகடு கழண்ட ஒரு அம்பிளிபயரைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்து, திருத்தச் சொல்லி, இது எந்த நாட்டுச் சாமான் எண்டும் கேட்டார். அடிப்பக்கத்தைக் கழட்டி ட்ரான்ஸ்போமரையும் வயர் ஓடின விதத்தையும் பார்த்தன். இங்கிலாந்துச் சாமான், அருமையான வேலை. எனக்கும் ஆசைதான். எண்டாலும் மனச்சாட்சிக்குப் பயந்து, "அண்ணை, ஆர் கேட்டாலும் விக்காதையுங்கோ, நான் கேட்டாலும்" எண்டன். மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திருத்தவிடாமலே சைக்கிளிலை திருப்பிக் கட்டத் தொடங்கினார்.

"நல்ல சாமான் எண்டுறாய், விக்காதை எண்டுறாய். இதுக்குள்ளை ஏதோ இருக்கு."

சிவப்புப் பொட்டு

இது என்ரை பிழைப்பிலையே கை வைச்ச கதை. கோயில் நிர்வாகத்திலை இருந்த ஒரு வாத்தியார் தன்ரை வீட்டு அம்பிளிபயரைத் தந்தார். தரமுந்தி, மனுசியின்ரை நகப்பூச்சாலை நாலு வால்விலையும் எனக்குத் தெரியாமல் பொட்டு வைச்சிருக்கிறார். திருப்பி எடுக்க வந்து பார்த்தால் இரண்டிலை பொட்டு இல்லை. "கோயில் அம்பிளிபயரை இனி உன்னட்டைத் தரமாட்டம்" எண்டார். திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. கோயில் என்னைக் கைவிட்டால் பிறகு ஒருத்தரும் கடைப்படி ஏறமாட்டினம். எனக்கு அழுகை வந்திட்டுது, ஒளிக்கேல்லை.

"அந்தப் பூச்சை எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டன். கொண்டுவந்து, அந்த இரண்டிலையும் அவரே புதுசாய்ப் பொட்டு வைச்சார். அம்பிளிபயரைப் போட்டன். கொஞ்ச நேரத்திலை வால்வு கொதிச்சு, பொட்டு கறுத்து, பொரிஞ்சு, உதிர்ந்து விழுந்துது. சூடு குறைஞ்ச மற்ற இரண்டிலையும் பழைய பொட்டு அப்பிடியே இருந்தது. கடை முழுக்க நாத்தம். வாத்தியார் குனிஞ்சு பார்த்தார், மணந்தும் பார்த்தார். தப்பினன் எண்டு நினைச்சன்.

"ஓம், சூட்டிலைதான் போகுது. ஆனா நீ மாத்தின வால்விலை வைச்சாலும் இப்பிடித்தானே போகும்?"

அந்த முறையும் கோயில் ஆக்கள் அம்பிளிபயரை என்னட்டைத்தான் திருத்தத் தந்தவை, வால்வு முழுக்கக் கழட்டி வாத்தியார் வீட்டிலை வைச்சிட்டு.