கருவி ஓடவில்லை

ஒலக்கூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற காட்டுக்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. சிரித்துவிட்டுப் போய்விடுவேன். மரக்காணத்துக் கடலில் வைத்து என் மேலதிகாரியும் அதையே கேட்டபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீரோட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கடலடியில் இறக்கியிருந்தோம். மணல் மூட்டைகளோடு அதைக் கட்டியவள் நான். ஒரு மாதம் கழித்து எடுக்கப் போனால், வைத்த இடத்தில் அது இல்லை என்றது படகிலிருந்த கணினித் திரை.

தண்ணீருக்குள் ஜி.பி.எஸ். எடுபடாது, ஒலிதான் போகும். படகின் ஓரத்தில் ஒரு கம்பத்தைக் கட்டி, அதன் நுனியிலுள்ள ஒலித்தலையைத் தண்ணீரில் விடுவோம். அது கூப்பிடும், அடியிலிருக்கும் கருவி பதில் கொடுக்கும். பதில் வர எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரியும். ஒலித்தலைக்குள் நாலைந்து காதுகள் உண்டு. எந்தக் காதில் பதில் முதலில் விழுந்தது என்பதிலிருந்து திசை தெரியும்.

திரை காட்டிய திசையில் போகச் சொன்னார் மேலதிகாரி. போகப் போகத் தூரம் கூடிக்கொண்டே இருந்தது. கட்டு அவிழ்ந்து கருவி மிதந்து ஓடுகிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

"காட்டுக்காரிக்குக் கடல்ல என்ன வேல? நாத்துக் கட்டுறா மாதிரி கட்டி வெச்சா நிக்குமா?" என்றார்.

ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, என் கவனக்குறைவால்தான் கருவி தொலைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை போய்விடும். தாளை வாங்கவே இல்லை நான். மணல் மூட்டையோடு எதுவும் ஓடாது. தூரம் வெறும் நேரக் கணக்கு, அதில் பிசகில்லை. பிசகு திசையில்தான்.

கம்பத்தை எட்டிப் பார்த்தேன். படகின் முகப்பைப் பார்க்க வேண்டிய சிவப்புக் குறி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. போன முறை வேறு படகு, கம்பம் இடப்பக்கம். இந்தப் படகுக்காரர் வலை இழுக்கும் இடப்பக்கத்தில் எதையும் கட்டவிடமாட்டார். சோறு போடுகிற பக்கமாம். வலப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டியபோது கம்பம் திரும்பிவிட்டது. பின்னால் இருப்பதை முன்னால் என்று காட்டியிருக்கிறது திரை. காலையில் நானும் அதைப் பார்க்கவில்லை.

"அண்ணே, ஸ்கிரீன் காட்டுறதுக்கு நேர் எதிர்ல போங்க."

கூடாது என்றார் மேலதிகாரி. படகுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் படகைத் திருப்பினார். தூரம் குறைந்தது. முந்நூறு மீட்டர், நூறு, முப்பது. மூட்டைகளிலிருந்து கருவியை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினேன். நான் இறக்கிய அதே இடத்தில் கருவியோடு கட்டிய ஆரஞ்சு மிதவை மேலே வந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கரைக்குத் திரும்பும்போது, படகுக்காரர் காதுபடவே, தப்பு அவர் பேரில் இருக்கட்டும், அடுத்த முறை வேறு படகு பிடிக்கலாம் என்றார் மேலதிகாரி. கம்பத்தைக் கட்டுவதுதான் படகுக்காரர் வேலை. குறியைச் சரிபார்ப்பது என் வேலை. நான் பார்த்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மேலதிகாரி வேலை. அறிக்கையில் அப்படியே எழுதினேன். என் பெயர் முதலில், மேலதிகாரி பெயர் அடுத்து.

திண்டிவனம் ஆபீசில் அதைப் படித்துவிட்டு, தன் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார் மேலதிகாரி.

"எம் பேரையே எடுக்கல சார். உங்க பேர எப்படி எடுப்பேன்?" என்றேன்.