ஒரு வாய் சீனி

செல்லச்சாமிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே, அவர் பெண்டாட்டி குருவம்மாள் ஆமத்தூரிலிருந்து சிவகாசி வரைக்கும் ஒரு டீக்கடை விடாமல் ஏறி இறங்கினாள். "எங்க வீட்டுக்காரரு கெஞ்சினாலும் இனிப்பு மட்டும் குடுத்திராதீக." தினமும் காலையில் அவர் சட்டைப்பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

அவர் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு சைக்கிளில்தான் போவார். ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் மிதித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், உடனே ஒரு வாய் சீனி போடணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னபோது குருவம்மாள் சிரித்தாள். "நாக்கு கேக்குது. டாக்டரு மேல பழியப் போடுறீக."

அந்தச் சித்திரையில், மதியம் வேலை விட்டு வரும் வழியில், முத்திருளன் டீக்கடை முன்னால் சைக்கிளோடு சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது.

"சீனி... சீனி..."

"வேணாம்ணே. அக்கா என்னையக் கொன்னுபோடும்" என்று முத்திருளன் மோரில் உப்பைப் போட்டுப் புகட்டினார். நாலு பேர் துண்டால் விசிறினார்கள். எல்லாரும் நல்ல மனுசங்கதான், என்ன செய்ய! கை எட்டும் தூரத்தில் இருந்த சீனி டப்பாவைக் கண் சொருகும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தார் செல்லச்சாமி.

குருவம்மாள் ஓடிவந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்தாள்.

"இனிப்பு எதுவும் குடுத்திரலையே?"

"ஒரு பொட்டுக்கூடக் குடுக்கலக்கா."

அவள் முத்திருளனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.