ஜம்புநாதன் கேட்காமல் கொண்டுவந்த நாய்

ஒரு மனுஷர் ரிடையரானால் என்ன செய்வார்? கோயிலுக்குப் போவார், பேப்பர் படிப்பார், பென்ஷனைப் பற்றிப் புலம்புவார். என் ஆத்துக்காரர் ஜம்புநாதன் நாய் கொண்டுவந்தார். அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

ராணுவக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிய மனிதர். அங்கே அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மராத்திக்காரர்கள் ஊரான விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃப்ளாட்டின் ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. ரிடையரான கையோடு அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் பத்து கேள்வி கேட்டால் ஒரு ‘ம்’ வரும். "இப்படியே உக்காந்திருந்தா வேர் விட்டுடும், எங்கயாவது போய்ட்டு வாங்கோ"ன்னு பிடுங்கி எடுத்தது நான்தான். போனார். சாயங்காலம் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினபோது கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், ஒரு காது மடங்கிய செம்பட்டைத் தெருநாய். பெயர் பண்டுவாம்.

கூடவே ஸ்கூட்டரில் ஸ்டெல்லா வந்தாள். அநாதை நாய்களுக்குக் காப்பகம் நடத்துகிற பெண், திருநெல்வேலிப் பக்கம். உள்ளே வந்ததும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஆன்ட்டி, இத ரெண்டு வீட்டுல குடுத்து ரெண்டு வீடும் திருப்பி அனுப்பிட்டாங்க. கூப்பிட்டா வராது, கதவு திறந்தா ஓடிரும். மூணாவது தடவையும் திரும்பி வந்துச்சுன்னா வேற யாருக்கும் தர மாட்டோம். கடைசி வரைக்கும் கூண்டுதான். சங்கராந்தி வரைக்கும் வச்சுப் பாருங்க. கூப்பிட்டா வரணும், வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா இருக்கணும். இல்லாட்டி நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

எனக்குச் சம்மதமில்லை என்று அப்போதே சொல்லியிருப்பேன். கூண்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் முகம் சுண்டிப்போயிற்று. சரி, சங்கராந்திதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். இவர் "பண்டு, வா" என்றால் அது காதிலேயே போட்டுக்கொள்ளாது. "உட்கார்" என்றால் எழுந்து நிற்கும். ஆனால் நான் மடிப்புடவையோடு பூஜையறையில் இருந்தபடி, "ஏன்னா! அந்த நாய் எங்க இருக்கு பாருங்கோ" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எங்கிருந்தாலும் பறந்து வந்து என் மேல் இரண்டு காலையும் வைத்து நிற்கும். "ஏன்னா, காபி ஆறிப்போறது!" இவர் வரமாட்டார், அது வரும். "ஏன்னா, இந்தப் பீடையைப் பிடிச்சுக்கோங்கோ!" அவ்வளவுதான், முகத்தையே நக்கிவிடும். எத்தனை தடவைதான் ஒருத்தி குளிப்பாள்? என்னைப் பழி வாங்கவே இவர் அதைப் பழக்கி வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கலைடி"ன்னார். அந்த வாரம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அதன் துடிப்பை அடக்க வாகட்டில் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அஜிலிட்டியாம். நாய் தடை தாண்ட வேண்டும், சுரங்கத்தில் நுழைய வேண்டும், சீசா என்கிற ஏற்ற இறக்கப் பலகையில் ஏறி இறங்க வேண்டும், நட்ட கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். கூடவே ஓடிக்கொண்டு மனுஷர் அதற்கு வழி சொல்ல வேண்டும். இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்த மனுஷர் ஓடப் போகிறாராம்! மாத்திரை டப்பாவும் வெந்நீர் ஃப்ளாஸ்க்குமாக நானும் தொற்றிக்கொண்டு போனேன், வேறென்ன செய்ய?

இவர் தடைக்குப் பக்கத்தில் நின்று "வா, வா" என்று கெஞ்சினார். பண்டு புல்லை மோந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்னா! மாத்திரை போட்டுக்க வேண்டாமா?" என்று கத்தினேன். பண்டு தலையைத் தூக்கியது. வழியிலிருந்த தடைகளையெல்லாம் ஒன்று விடாமல் தாண்டி நேராக என் மடியில் வந்து விழுந்தது. ஃப்ளாஸ்க் போயிற்று.

பயிற்சி தருகிற ப்ரீதி மராத்திப் பெண். ஓடி வந்து, "காகூ, எவ்வளவு அழகாகக் கூப்பிட்டீர்கள்!" என்றாள் மராத்தியில். காகூ என்றால் மாமி. நாயை யார் கூப்பிட்டார்கள், என் புருஷனையல்லவா கூப்பிட்டேன் என்றேன். என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். "ஏன்னா" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ‘யே நா’ என்றால் மராத்தியில் ‘வாயேன்’ என்றுதானே அர்த்தம், காகூ என்றாள்.

அடக் கடவுளே! காய்கறிக்காரியிடம் தினமும் மராத்தியில் மல்லுக்கு நிற்கிறவள் நான். இது எனக்குத் தோன்றவே இல்லையே! ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். ஆளந்தி ரோட்டில் பன்னுக்குள் வடை வைத்து விற்கிற ஒரு வடாபாவ்காரியின் தள்ளுவண்டிக்கு அடியில் வளர்ந்த குட்டியாம் அது. அந்த அம்மா ஊரைவிட்டே போன பிறகுதான் காப்பகத்துக்கு வந்திருக்கிறது. அவள் கூப்பிட்டதுபோல் நானும் கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும்?

இவரும் "யே நா" என்று சொல்லிப் பார்த்தார். ஆடிட் பேப்பரை வாசிக்கிற குரல். பண்டு கொட்டாவி விட்டது. பெண் குரல்தான் அதற்குப் பழக்கம், காகூதான் ஓட வேண்டும் என்று ப்ரீதி தீர்த்துச் சொன்னாள். எனக்கு முழங்கால் வலி, நான் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இவர் வீட்டுக்கு வந்து நாயின் மடங்கின காதைத் தடவிக்கொண்டே, "கூண்டுல விட்டா இது ரொம்ப நாள் தாங்காது, சாவித்ரி" என்றார். அடுத்த ஞாயிறு புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவோடு மைதானத்தில் நின்றேன். என் தலையெழுத்து.

ப்ரீதி ஒரு கண்டிஷனும் போட்டாள். அந்த வார்த்தை இனி நாய்க்கு மட்டும்தான். ஒரே வார்த்தைக்கு இரண்டு பேர் இருந்தால் அது குழம்பும். அப்படியானால் இவரை எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லியா? எங்கள் ஆத்தில் அந்த வழக்கமே கிடையாது. ‘இதோ பாருங்கோ’ என்றேன், தட்டைத் தட்டினேன், தொண்டையைச் செருமினேன். கழுத்தில் தாலி கட்டினவரைக் கூப்பிட வார்த்தையில்லாமல் ஆக்கிவிட்டதே இந்த நாய் என்று அழுகை அழுகையாக வந்தது.

சங்கராந்திக்கு முந்தின ஞாயிறு மகர்பட்டாவில் போட்டி. ஸ்டெல்லா அங்கேயே வந்துவிட்டாள். "கயிறு இல்லாம, இவ்ளோ கூட்டத்துல, கூப்பிட்டா வருதான்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றாள். வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்பது விதி. இவர் கயிற்று வேலிக்கு அப்பால் நின்றார்.

தடைகளைத் தாண்டிற்று. சுரங்கத்தில் புகுந்து வெளியே வந்தது. சீசாவில் ஏறி, பலகை இந்தப் பக்கம் சாய்ந்ததும் நின்றுவிட்டது. காற்றில் வடை பொரிகிற வாசனை. மைதானத்தின் கேட் விரியத் திறந்திருக்கிறது. அதற்கு வெளியே ஒரு தள்ளுவண்டி, வாணலிக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை. பண்டுவின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. இறங்கி கேட்டை நோக்கி நாலு அடி வைத்தது. பழைய எஜமானி என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ! போய்த் தொலையட்டும் என்று இத்தனை நாள் கரித்துக்கொட்டினவள், போகப் போகிறது என்றதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

"ஏன்னா!" என்று கத்தினேன். "ஏன்னா, போகாதேங்கோ!" என்றும் வந்துவிட்டது வாயில். நாய்க்குப் போய் மரியாதை! வேலியோரம் எல்லோரும் சிரித்தார்கள்.

பண்டு வண்டியை ஒரு தடவை பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு ஓடி வந்தது பாருங்கள், கம்புகளுக்குள் புகுந்து ஒன்றுகூட விடாமல் வளைந்து, கடைசித் தடையையும் தாண்டி என் ஷூவின் மேல் வந்து உட்கார்ந்தது. சீசாவுக்கு மதிப்பெண் போயிற்று. இருந்தும் புதியவர்கள் பிரிவில் மூன்றாவது இடம். ரிப்பனில் கோத்த ஒரு பதக்கத்தை அதன் கழுத்தில் போட்டார்கள். அது உடனே அதைக் கடிக்க ஆரம்பித்தது.

ஸ்டெல்லா வந்தாள். "கூப்பிட்டா வருது, பாத்துட்டேன். ஆனா நீங்க சொல்லணும் ஆன்ட்டி. உங்களுக்குச் சம்மதமா?"

இவர் என் முகத்தைப் பார்க்காமல் நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால்தான் என்ன, இந்த மனுஷர்!

"கல்யாணமான நாளா இவரைக் கூப்பிட்ட வார்த்தையைத் தூக்கி இதுக்குக் குடுத்தாச்சு. இனிமே திருப்பி வாங்கிக்கவா முடியும்?" என்றேன் ஸ்டெல்லாவிடம். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஜம்பு, ரிக்‌ஷாவைக் கூப்பிடுங்கோ. குழந்தைக்குப் பசிக்கும்."

அவர் மகர்பட்டா மைதானத்தில், அத்தனை பேர் நடுவில், நின்றபடி அழுதார். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூடக் கொண்டுவந்திருக்கவில்லை, அவரும் சரி, நானும் சரி.