ராபியா கையெழுத்திடாத ஆவணம்

அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. ராபியா அக்கா காலையில் இறந்துவிட்டார், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சுவா சூ காங் மையவாடியில் அடக்கம். கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவரும் நானும் ஒரே வேலையில் இருந்தோம். வரப்போகும் ஒரு கணினி அமைப்பை யார், எங்கே, எந்த நிலைமையில் பயன்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தருவோம். அதைப் பார்த்துத்தான் அமைப்பைக் கட்டுவார்கள். ஆவணத்தில் இல்லாத ஆளுக்கு அமைப்பிலும் இடமில்லை.

சிங்கப்பூர் ஜூரோங்கில் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்வதற்கு ஒரு செயலி. 'தொழிலாளி காலை பத்து மணிக்குச் செயலியைத் திறக்கிறார்' என்று நான் எழுதியிருந்தேன்.

"பத்து மணிக்கு அவரு போன் எங்க இருக்கும்?" என்று கேட்டார் ராபியா அக்கா.

"பாக்கெட்லதான் லா."

"பார்த்தியா நீ?"

யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமே பக்கத்தைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா திடலில், கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் முருகேசனிடம் படித்துக் காட்டினார். புல்லில் படுத்திருந்த அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"யாருக்கா இந்த ஆளு? குடுத்து வச்சவன். எங்க போனை லாக்கர்ல பூட்டிருவாங்க. சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் கைக்கு வரும்."

"உடம்பு முடியலேன்னா?"

"சூப்பர்வைசர்கிட்ட நிக்கணும். பனடால் மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாருன்னுவாரு."

அக்கா அங்கேயே பக்கத்தை மாற்றி எழுதினார். இரவிலும் முன்பதிவு செய்யலாம், மேற்பார்வையாளர் அனுமதி வேண்டாம். ஆவணம் கேட்ட நிறுவனம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவிவிட்டுத் திருப்பி அனுப்பியது. முதலாளி, விடுதி, மருத்துவர் எல்லாருக்கும் பக்கம் இருந்தது. நோயாளிக்கு இல்லை.

இதைப் படிக்கும் அலுவலக நண்பர்களே, அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள். எல்லாரும் கையெழுத்திட்டோம். அவர் மட்டும் பேனாவை மூடிவைத்தார்.

"அவரு பக்கம் இல்லாத ஆவணத்துல என் பேரு எதுக்கு? எடுத்துடுங்க."

மறுவாரம் அவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். நாம் கேக் வெட்டி வழியனுப்பினோம். "என் மேல கோபமாக்கா?" என்று கேட்டேன். "கோபம் என்ன? உன் கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

செயலி அப்படியே வெளிவந்தது. முருகேசன் இன்றும் மேற்பார்வையாளர் முன்னால்தான் நிற்கிறார்.

போன வாரம் அதன் இரண்டாம் பதிப்புக்கான ஆவணம் என்னிடம் வந்தது. அக்கா எழுதிய பக்கத்தைச் சேர்த்து அனுப்பினேன். நீக்கிவிட்டு அனுப்பினார்கள். மறுபடி சேர்த்தேன். மறுபடி நீக்கினார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கமும், கையெழுத்திட மறுக்கலாம் என்ற அறிவும்தான். புதிய ஆவணத்தில் என் பெயருக்கு எதிரே கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. நாளைக் காலை மேலதிகாரிகள் கூப்பிட்டிருக்கிறார்கள்.