மேட்டைப் பார்த்து நின்ற ஜீப்

காலை ஆறு மணி. அந்தமானில், பாம்பூஃப்ளாட் படகுத்துறைக்குப் பத்து கிலோமீட்டர் வடக்கே ஒரு கடலோரக் குடியிருப்பு. நானும் என் பெரியப்பா மகள் புஷ்பம் அக்காவும் மூட்டை முடிச்சுகளோடு ஜீப்பில் ஏறினோம். பத்து மணிக்குள் ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அவள் கணவருக்குச் சென்னையில் இதய ஆபரேஷன். அதற்குள் போய்ச் சேர இந்தக் கப்பலை விட்டால் வேறு கிடையாது. ஜீப் ஒருமுறை உறுமி அணைந்தது. பிறகு எஞ்சின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

"பேட்டரி நல்லா இருக்கு. டீசல்தான் வந்து சேரல," என்றார் ஓட்டுநர் சந்தனம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். சுனாமிக்குப் பிறகு இங்கே குடியேறியவர்.

"டீசல் இருக்கா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க!" எனக்குப் பொறுமை கிடையாது, ஊரறிந்த விஷயம்.

டீசல் கப்பல் வராமல் பங்க் காய்ந்து கிடந்த வாரம் அது. டேங்க் வாய்க்குள் குச்சியை விட்டுக் காட்டினார். நான்கு விரல் உயரத்துக்கு ஈரம். "பாம்பூஃப்ளாட் வரைக்கும் போதும்மா, டென்ஷன் மத் லோ, பதறாதீங்க."

ஃபில்டரை அடியில் திறந்து வடித்தார், தண்ணீர் கலக்கவில்லை. குழாய் இணைப்புகளைத் துடைத்துத் தடவினார், கசிவில்லை. ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினார். வெறும் நுரைதான் வந்தது.

"எங்கேயோ காத்து இழுக்குது. எங்கேன்னுதான் தெரியல." மணி ஏழாகியும் நுரை நிற்கவில்லை.

"நடந்தாவது போவேன். அவரைத் தனியா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள அனுப்ப மாட்டேன்," என்று அக்கா பையைத் தூக்கினாள். பைக்கு அடியில் தண்ணீர் பாட்டில் படுத்திருந்தது. இருந்த கொஞ்சம் தண்ணீரும் பின்பக்கம் தேங்கி, முன்பக்கம் வறண்டிருந்தது. அதையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, டேங்க்ல டீசல் உறிஞ்சுற குழாய் எந்தப் பக்கம்?"

"முன்பக்கம்." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். குச்சி விட்ட டேங்க் வாய் பின்பக்கம்; டீசல் முழுக்க அங்கேதான் தேங்கியிருந்தது.

எங்கள் மதுரையில் வண்டியை நிழல் பார்த்து நிறுத்துவோம். சந்தனம் மலையைப் பார்த்து, முன்சக்கரம் மேட்டில் இருக்கும்படி நிறுத்துவார். கடல் ஏறி வந்தால் அப்படியே மேலே ஓட்டிவிடலாம். டேங்க் நிறைந்திருந்தவரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

"அப்போ கீழே சமதளத்துக்கு உருட்டுங்க, கரையோர ரோட்லயே போயிரலாம்!" என்றேன்.

அவர் அசையவில்லை. "சுனாமி அன்னிக்குக் கச்சால்ல வண்டி கடலைப் பார்த்து நின்னுச்சும்மா. திருப்புறதுக்குள்ள தண்ணி வந்திருச்சு. என் பொண்டாட்டி வண்டியிலதான் இருந்தா."

இத்தனை நேரம் இந்த மனிதரிடமா கத்தினேன்!

அக்காதான் பேசினாள். "எனக்கு அவர் இன்னும் இருக்காருண்ணே. கொண்டுபோய்ச் சேத்திருங்க."

சந்தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை விட்டார். ஜீப் பின்னோக்கி உருண்டு, அலைக்குப் பத்தடி தள்ளி நின்றது. கைப்பம்பை அழுத்தினார். நுரை மெல்ல அடங்கி, டீசல் தெளிவாக வழிந்தது. திருகை முடுக்கிச் சாவியைத் திருகினார், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கரையோர ரோடு முழுக்க அவர் கடல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. வேகமும் குறையவில்லை.

எட்டரைக்குப் பாம்பூஃப்ளாட் வந்து, ஹேடோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாத்தத்துக்குப் போகும் படகில் ஏறிவிட்டோம். படகு நகரும்போது திரும்பிப் பார்த்தேன். சந்தனம் ஜீப்பைத் திருப்பி, முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மறுபடியும் காத்து இழுக்கும்!" என்று கத்தினேன்.

"இழுக்கட்டும்மா!" என்று கரையிலிருந்து குரல் வந்தது. "டீசல் வர்ற வரைக்கும் நானும் இங்கேயே நிக்கிறேன்!"