அந்தப் பேர் எனக்கு ஏன் தோன்றவில்லை?

“...ரெண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் வேணாங்கக்கா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்!”

சொன்னவள் தர்ஷினி. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஹட்டனில் டிசைன் படிக்கிறாள். சொன்ன இடம், பஜாரில் இருக்கும் என் பிரிண்டிங் கடை. கம்ப்யூட்டர் திரையில் அப்போது நான் வரைந்து வைத்திருந்தது... வேறென்ன? ரெண்டு இலையும் ஒரு மொட்டும்தான்.

தர்ஷினியும் கூடப் படிப்பவர்களும் கொட்டகலையில் ஒரு மண்டபம் எடுத்து, தாங்கள் செய்த டிசைன்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள். அதற்குப் பேர், லோகோ, போஸ்டர், பேனர் எல்லாம் என்னையே செய்யச் சொல்லி வந்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் வழக்கமாகச் செய்வது பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி. யாரிடமும் படிக்காமல், தட்டித் தட்டிப் பார்த்தே பழகிய தொழில். டிசைன் படிக்கிற பிள்ளைகளே நம்மைத் தேடி வந்தால் சும்மாவா?

“சரி, இலையைத் தூக்கிட்டேன். கூடை?”

“வேணாங்கக்கா.”

“கொழுந்து எடுக்கிற அம்மா?”

“ஐயோக்கா! பிஸ்கட் பாக்கெட்ல இருந்து கலண்டர் வரைக்கும் அவங்கதான் நிக்கிறாங்க. கொஞ்சம் உக்காரட்டும், பாவம்.”

“மலை? பனி? ரயிலு?”

“டூரிஸ்டுக்கா காட்டப் போறோம்?”

“அப்ப எதைத்தான் போடுறது? என் மூஞ்சியவா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தர்ஷினி கொஞ்சம் தயங்கி, ஃபோனை நீட்டினாள். “நான் ஒண்ணு செஞ்சு பாத்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

வெள்ளைப் பின்னணி. நடுவில் கறுப்பாக, தடித்த எழுத்தில் ஒரே ஒரு சொல்.

முழுப்பேர்.

அவ்வளவுதான். எனக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியது போல இருந்தது.

மலைநாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கேட்ட நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். அரைநாள் சம்பளம்தான். என் அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தே எது விழுந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சொல்லை எடுத்துக் கண்காட்சிக்கு வைத்துவிட்டாள் இந்தப் பெண். அதோடு விட்டாளா? கீழே ஒவ்வொரு மாணவரின் முழுப்பெயர், அதன் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், தோட்டத்துக்குள் எந்த டிவிஷன்... எல்லாம்!

எந்த ஊர் என்று கேட்டால் ‘ஹட்டன்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிற ஆட்கள் நாம். பயோடேட்டாவில் தோட்டத்துப் பெயரை விழுங்கிவிடுகிற ஆட்கள். அந்தப் பெயரைத்தான் அவள் போஸ்டரில் ஏற்றியிருந்தாள்.

“எப்படிங்கக்கா?” என்றாள்.

“ம்... நல்லாத்தான் இருக்கு,” என்றேன். அந்த ‘தான்’ எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். ஆட்கள் பேசுவதைக் காதில் வாங்கி வந்து எழுதித்தானே வாராவாரம் இந்தப் பத்தியை ஓட்டுகிறேன்? பஸ்ஸில் ஒருவர் புதிதாக ஒரு வார்த்தை சொன்னால், என் இறங்குமிடத்தைத் தாண்டியும் போகிறவள் நான். பிறந்ததிலிருந்து கேட்ட சொல் இது. என் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை? நேற்றுப் படிக்க வந்த பிள்ளைக்குத் தோன்றுகிறதே!

அவர்களுடைய வேலைகளையும் காட்டினார்கள். கூடை மாட்டினாலும் கழுத்து வழியே தண்ணீர் இறங்காத மழைக்கோட்டு ஒன்று. ஒற்றை அறை லயத்து வீட்டுக்கு அளவெடுத்த மடக்கு மேசை ஒன்று. எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. உள்ளே ஒரே ஒரு சொல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் முடிவாயிற்று. டிசைன் அவளுடையது. அச்சடிப்பது மட்டும் நான்.

கண்காட்சிக்கு முதல் நாள் பேனருக்கான ஃபைலைக் கொண்டு வந்தாள். வழக்கமாக எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துத்தான் மெஷினில் விடுவேன். அன்று பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், பார்க்கப் பிடிக்கவில்லை. பட்டனை அமுக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் டீ குடிக்கப் போனாள்.

பேனர் வெளியே வந்தது. பார்த்தால், அவள் பயன்படுத்திய எழுத்துரு என் கம்ப்யூட்டரில் இல்லாததால் ‘பே’யின் கொம்பு கழன்றுபோய் அடுத்த எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, அதன் புள்ளியையும் காணோம். ஆளுயர எழுத்தில் — முழுப்பரே!

பக்கத்துக் கடை பாரூக் நானா எட்டிப் பார்த்தார். “யாரும்மா அந்த முழுப்பர்? மந்திரியா?”

சிரிப்பு வந்தது. சிரிப்போடு இன்னொன்றும் வந்தது, மறைப்பானேன்? பேசாமல் எழுத்து உள்பக்கமாக வரும்படி சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டால்? நாளைக் காலையில் மண்டபத்தில்தான் பிரிப்பாள். வாசலில், எல்லோர் முன்னாலும், முழுப்பரே! ஃபைல் அவளுடையது. என்னை யார் கேட்பார்?

சுருட்டவும் தொடங்கிவிட்டேன். பாதி சுருட்டியதும் கீழே இருந்த பெயர்கள் வந்தன. தோட்டமும் டிவிஷனுமாக வரிசையாக. அதிலே ஒன்று நான் பிறந்த டிவிஷன். கை அதற்கு மேல் ஓடவில்லை.

எரிச்சலிலும் ஒரு வசதி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? சுமாரான வேலையைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. ‘நல்லா இருக்கு’ என்று வாய் பொய் சொல்லும். வயிறு சொல்லாது.

தர்ஷினி திரும்பி வந்ததும் பேனரை விரித்துக் காட்டினேன். “இந்தா பாரு, கொம்பு ஓடிப்போச்சு. நான் பாக்காம விட்டுட்டேன். வேற அடிச்சுத் தாறேன், இரு.”

அழுவாள் என்று நினைத்தேன். அழாவிட்டாலும் முகமாவது கொஞ்சம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“அக்கா... இதுதான்கா அரைப்பேரு! நிறை பத்தல! இதை வீசாதீங்க, எனக்குத் தாங்க.”

புது பேனரையும் கெட்ட பேனரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் கொட்டகலைக்குப் போனேன். மண்டப வாசலில் முதலில் தொங்கியது கெட்ட பேனர். கீழே கையால் எழுதிய ஒரு தாள்: ‘இது அரைப்பேர். முழுப்பேர் உள்ளே விழும்.’ உள்ளே நுழைந்தால் எதிர்ச் சுவரில் சரியான பேனர். வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று வாசித்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மெஷின் செய்த பிழை! அதுவும் அவள் கணக்கில்!

தர்ஷினி என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். தன் ஃபோனை என் கையில் திணித்தாள். போய், அந்த ஓடிப்போன கொம்புக்கு நேர் கீழே நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.