அரை மணிக்கு ஒருமுறை

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஜெயகுமாரி டைப்பிஸ்ட். 1984இல் சேர்ந்தாள். மூன்றே வருடத்தில் கழுத்து திரும்பாமல் போனது.

"மாத்திரை அப்புறம். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க," என்றார் டாக்டர்.

எழுந்தால் மேனேஜர் உலகநாதன் முறைப்பார். பயந்துகொண்டு வலியோடே உட்கார்ந்திருந்தாள்.

இதைக் கவனித்தவன் ஸ்டோர்ஸ் கிளார்க் கஜபதி. குனிந்தே எழுதி அவனுக்கும் இடுப்பு வலி. ஒரு நாள் நேராக மேனேஜரிடம் போனான்.

"சார், அந்தம்மா படுத்துட்டா லெட்டர் யாரு அடிக்கிறது? ரெண்டு நிமிஷம் எந்திரிச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

உலகநாதன் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் அரை மணிக்கு ஒருமுறை அவள் மேசையைத் தட்டுவான். "மேடம், எந்திரிங்க." இருவரும் ஜன்னலோரம் நின்று தோளைச் சுழற்றுவார்கள். அவள் சம்பளத்தில் பட்டாபிராமில் படித்துக்கொண்டிருந்த தம்பிகள், திருவேற்காட்டில் அவன் அம்மாவின் கோபம், எல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் பேசியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதுகூடப் பக்கத்தில் அவன் நிற்பதுபோல் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே பாடுவாள்.

1991இல் அவனை ஓசூர் கிளைக்கு மாற்றினார்கள்.

"நான் இல்லன்னு அப்டியே குந்திகினே இருக்காதீங்க, மேடம்," என்றான் கடைசி நாளில்.

"யாரு எழுப்புவாங்க?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேனேஜரின் மணி அடித்தது. அவள் சுருக்கெழுத்து நோட்டோடு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான்.

நாளெல்லாம் பிறர் கடிதங்களை அடித்தவளுக்குத் தன் கடிதம் ஒன்றை எழுத இரண்டு வருடம் பிடித்தது. தம்பிகள் வேலைக்குப் போன பிறகு, கையாலேயே எழுதி ஓசூருக்கு அவனுக்கு அனுப்பினாள். 'மேடம் என்று கூப்பிட வேண்டாம்' என்று மட்டும் கடைசி வரியில் சேர்த்திருந்தாள்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது.

'குமாரி, போன தையில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.'

ஜன்னலருகே நின்றபடி இரண்டு முறை படித்தாள். சாயங்காலம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இரண்டு வண்டிகளைப் போகவிட்டு, மூன்றாவதில் ஏறி வீட்டுக்குப் போனாள்.